ஆடையும் அமானிதமே!

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



மனிதனுக்கு இறைவன் வழங்கிய அருட்கொடைகளுள் ஆடையும் ஒன்று. மானத்தை மறைக்கவும் அழகு சேர்க்கவும் ஆடை அருளப்பட்டதைத் திருமறை (7:26) எடுத்துரைக்கிறது. இறையச்சம் எனும் ஆடை அனைத்திலும் மேலானது என்பதையும் அதே வசனம் நினைவூட்டுகிறது. அதே அத்தியாயத்தின் 31ஆம் வசனம், தொழுமிடம் செல்லும்போது அழகிய ஆடை அணியுமாறு ஏவிவிட்டு, உடனேயே வீண்விரயத்தைத் தடுக்கிறது. அழகை ஏவும் கட்டளையும் விரயத்தைத் தடுக்கும் கட்டளையும் ஒரே வசனத்தில் அருகருகே அமைந்திருப்பது சிந்திக்கத் தக்கது. நன்றாக உடுத்துவதும் அளவாக வாங்குவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதே அதன் படிப்பினை.

உணவை வீணாக்கினால் நம் மனம் உறுத்துகிறது. கீழே சிந்திய ஒரு பருக்கைச் சோற்றைக்கூட எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஆனால் இரண்டு முறை உடுத்திய சட்டையை மூலையில் எறியும்போது அந்த உறுத்தல் வருவதில்லை. ஓர் ஆடை நம் கைக்கு வருமுன் எத்தனை பேருடைய உழைப்பையும், எவ்வளவு தண்ணீரையும், எந்த ஊரின் காற்றையும் செலவழித்து வந்தது என்பதை நாம் அறியாதிருப்பதே அதற்குக் காரணம். எனவே முதலில் அதை அறிந்துகொள்வோம். பிறகு, குறைவான ஆடைகளைக் கொண்டு நிறைவாக உடுத்துவது எப்படி, உள்ள ஆடைகளை நெடுநாள் உழைக்கச் செய்வது எப்படி என்பதைக் காண்போம்.

குடிகாட்டில் நடந்தது

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில், உப்பனாற்றங்கரையில் அமைந்துள்ளது சிப்காட் தொழிற்பேட்டை. 1980களில் உருவான இப்பேட்டையில் இரசாயனம், மருந்து, சாயம், துணி பதனிடுதல் போன்ற தொழில்கள் நடைபெறுகின்றன. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம், பச்சையாங்குப்பம் போன்ற சிற்றூர்கள் அதைச் சூழ்ந்துள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டு, மிகக் கடுமையாக மாசடைந்தவை என நாடெங்கும் 43 தொழில் பகுதிகளைப் பட்டியலிட்டபோது, கடலூரும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

2025 மே 15 அதிகாலையில், குடிகாட்டில் உள்ள துணிச்சாய ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து உடைந்தது. சுமார் 6 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி அது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இரசாயனக் கழிவுநீர் பெருக்கெடுத்து வீடுகளுக்குள் புகுந்தது. கண் எரிச்சலாலும் மூச்சுத் திணறலாலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மக்கள் கடலூர்–சிதம்பரம் சாலையில் மறியலில் ஈடுபட்டனர்.

சகோதரர்களே! அந்தத் தொட்டியில் இருந்தது எதற்கான கழிவு? துணிக்கு நிறம் ஏற்றியதால் உண்டான கழிவு. துணிக்கு நிறம் ஏற்றுவது உடுத்துகிறவர்களாகிய நமக்காக. கடைக் கண்ணாடியில் நாம் காணும் நிறத்திற்கும் குடிகாட்டு மக்களின் வாசலில் நின்ற நீருக்கும் இடையே ஒரு நேர்க்கோடு இருக்கிறது.

நிறம் எங்கே போகிறது?

துணி பதனிடும் வேலை தண்ணீரை நம்பி நடக்கும் வேலை. நெய்த துணியிலிருந்து கஞ்சியை நீக்க, வெளுக்க, சாயமேற்ற, அலச என்று ஒவ்வொரு கட்டத்திலும் நீர் தேவை. பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் பயன்படும் சாயங்கள் முழுமையாக நூலில் ஒட்டுவதில்லை. ஒரு பங்கு நீரிலேயே தங்கிவிடுகிறது. சாயம் நன்கு பற்றுவதற்காக உப்பும் சேர்க்கப்படுகிறது. நிறம் அடர்த்தியாக ஆக, உப்பின் தேவையும் கூடுகிறது. சாயத்தின் நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு நீக்கிவிடலாம். நீரில் கரைந்த உப்பை நீக்குவதோ எளிதன்று. அதற்குச் சவ்வூடு பரவல் இயந்திரங்களும் நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் கலன்களும் வேண்டும். அவற்றுக்கு மின்சாரமும் எரிபொருளும் பெருமளவில் செலவாகும்.

இந்த உப்புதான் திருப்பூரின் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. உழவுக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணைக்குக் கீழுள்ள விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஏற்பாட்டைச் செய்த பிறகே அவை மீண்டும் இயங்க முடிந்தது.

ஓரிடத்தில் நெருக்கடி வந்தால் தொழில் வேறிடத்தை, குறிப்பாகக் கடற்கரையை நாடுகிறது. கடலூர் சிப்காட்டின் விரிவாக்கப் பகுதியான பெரியப்பட்டில் துணி பதனிடும் வளாகம் ஒன்று திட்டமிடப்பட்டபோது, நிலத்தடி நீரும் மீன்வளமும் பாழாகுமென அப்பகுதி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஓர் ஊரின் ஆறு தப்பினால் இன்னோர் ஊரின் கடல் சிக்குகிறது. தேவை குறையாதவரை கழிவு இடம்தான் மாறும்.

நம் வட்டாரத்தின் பழைய உறவு

துணியும் சாயமும் இம்மண்ணுக்குப் புதியவை அல்ல. மஹ்மூது பந்தர் என நம் முன்னோரும், போர்ட்டோ நோவோ என ஐரோப்பியரும் அழைத்த பரங்கிப்பேட்டை, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் துணி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற துறைமுகம். மரக்காயர்களின் கப்பல்கள் இங்கிருந்து தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குத் துணிகளைக் கொண்டு சென்றன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டில் அவுரிச் செடி பெருமளவில் பயிராகி, அதிலிருந்து நீலச் சாயம் எடுக்கப்பட்டது. 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்ததும் அந்தப் பயிர் சரிந்தது. குறிஞ்சிப்பாடியில் கைத்தறிக் கைலி நெய்யும் தொழில் புகழ்பெற்றது.

அக்காலத்தில் துணி அருமையானது. ஆகவே அது கடைசி இழைவரை பயன்பட்டது. புடவை நைந்தால் தூளியானது. தூளி நைந்தால் குழந்தைக்கு விரிப்பானது. அதுவும் நைந்தால் அடுப்படியில் கைப்பிடித் துணியானது. அருமை போனபோதுதான் அந்தப் பழக்கமும் போனது.

எவ்வளவு வாங்குகிறோம்?

எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000 முதல் 2015 வரையிலான 15 ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்காகியது. அதே காலத்தில், ஓர் ஆடை கழிக்கப்படுமுன் உடுத்தப்படும் தடவைகளோ 36 சதவீதம் குறைந்தன. ஒரு பருத்திப் பனியன் சட்டைக்குத் தேவையான பருத்தியை விளைவித்து ஆடையாக்கச் சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்பது உலக அளவில் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிக்கும் ஒருவருக்கு அது இரண்டரை ஆண்டுகளுக்கான குடிநீர்.

இன்னொரு கணக்கு நம்பிக்கை அளிப்பது. இங்கிலாந்தின் ராப் என்ற அமைப்பு 2012இல் வெளியிட்ட அறிக்கை, ஓர் ஆடையை வழக்கத்தைவிட 9 மாதங்கள் கூடுதலாக உடுத்தினால், அதனால் உண்டாகும் நீர்ச் செலவும் கரிப்புகையும் கழிவும் 20 முதல் 30 சதவீதம் வரை குறையும் எனக் கூறியது. புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம்; ஊசியும் நூலும் சற்றுப் பொறுமையும் போதும்.

முன்னோரின் முன்மாதிரி

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வதையும் காலணியைத் தாமே செப்பனிடுவதையும் அன்னையார் குறிப்பிட்டார்கள் (அஹ்மத்). அரேபியாவின் ஆட்சித் தலைமை எவருடைய கையில் இருந்ததோ, அவருடைய கையில் ஊசியும் இருந்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆட்சியாளராக இருந்த நாளில், அவர்களின் சட்டையில் தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகள் இருந்ததை அனஸ் (ரலி) அவர்கள் கண்டு அறிவித்துள்ளார்கள் (முவத்தா). உருவப்படங்கள் கொண்ட திரைச்சீலை ஒன்று அகற்றப்பட வேண்டி வந்தபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் குப்பையில் எறியவில்லை. வெட்டித் தலையணைகளாக்கினார்கள் (புகாரீ, முஸ்லிம்). அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணத் தறுவாயில், தாம் உடுத்தியிருந்த பழைய ஆடையையே துவைத்துக் கஃபனில் சேர்க்கச் சொன்னார்கள். அது நைந்தது ஆயிற்றே என்றபோது, புதிய துணிக்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே உரியவர் எனப் பதிலளித்தார்கள் (புகாரீ).

இதை வறுமையின் கட்டாயமென்றோ, அழுக்காகத் திரிவதே எளிமை என்றோ விளங்கிக்கொள்ளக் கூடாது. அழுக்கு ஆடையோடு இருந்த ஒருவரைக் கண்டபோது, இவருக்குத் துவைக்க ஏதும் கிடைக்கவில்லையா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள் (அபூதாவூத்). வசதியிருந்தும் கந்தலாக வந்த மற்றொருவரிடம், இறைவன் தந்த அருளின் அடையாளம் உம்மீது தெரியட்டும் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத், நஸயீ). ஆக, மார்க்கம் காட்டும் வழி நடுவழி. தூய்மை வேண்டும், கண்ணியம் வேண்டும், ஆடம்பரமும் விரயமும் வேண்டாம்.

முதல் படி: இருப்பதை எண்ணுதல்

அடுத்த முறை கடைக்குச் செல்லுமுன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் ஆடைகள் அனைத்தையும் பாயில் பரப்பி மூன்றாகப் பிரிக்கட்டும். கடந்த ஓராண்டில் அடிக்கடி உடுத்தியவை ஒரு குவியல். பொத்தான், தையல், அளவு போன்ற சிறு குறையால் ஒதுக்கப்பட்டவை இரண்டாம் குவியல். இனி எக்காரணத்தாலும் உடுத்தப் போவதில்லை என்பவை மூன்றாம் குவியல்.

பெரும்பாலான வீடுகளில் இரண்டாம் குவியல் வியப்பளிக்கும். அதைத் தையற்காரரிடம் கொண்டு சென்றாலே சில 'புதிய' ஆடைகள் கிடைத்துவிடும். முதல் குவியலோ நம் உண்மையான தேவையைக் காட்டும். எந்தத் துணி, எந்த நிறம், எந்தத் தைப்பு நமக்கு ஒத்துவருகிறது என்பதற்கு அதுவே சான்று. இனி வாங்குவது அந்தச் சான்றை ஒட்டி அமையட்டும்.

எத்தனை ஆடை போதும் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான எண் இல்லை. வேலை, பள்ளி, வீடு, ஜுமுஆ, விசேஷம் எனப் பயன்பாட்டை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் துவைத்துக் காயும்வரை மாற்றுவதற்கு எத்தனை வேண்டும் எனக் கணக்கிட வேண்டும். வேலைக்கு உடுத்தும் ஆடை வேறு, ஜுமுஆவுக்கு உடுத்தும் ஆடை வேறு என வைத்துக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் விரும்பியதாக நபிமொழி உண்டு (அபூதாவூத்). இதில் பராமரிப்பின் நுட்பமும் அடங்கியுள்ளது. ஆலையில் எண்ணெயும் புழுதியும் படும் ஆடை அடிக்கடி அடித்துத் துவைக்கப்படும், விரைவில் தேயும். தொழுகைக்குரிய ஆடை அதனோடு கலவாதிருந்தால் பல்லாண்டு வெண்மை மாறாது. ஆலையிலிருந்து திரும்புவோர், குறிப்பாக இரசாயன வேலை செய்வோர், வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதிருப்பது குழந்தைகளின் உடல்நலத்துக்கும் பாதுகாப்பு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

விலையை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். 400 ரூபாய்ச் சட்டை 20 முறை உடுத்தியதும் சாயம் போய்ச் சுருங்கினால், ஒரு முறைக்கு 20 ரூபாய் ஆகிறது. 1,200 ரூபாய்ச் சட்டை 120 முறை உழைத்தால், ஒரு முறைக்கு 10 ரூபாய்தான். மலிவானது விலை கூடியதாகவும், விலை கூடியது மலிவாகவும் ஆகும் இடம் இது. ஆனால் விலை கூடியதெல்லாம் தரமானது என்றும் எண்ணிவிடலாகாது. கையால் பார்த்தே தரத்தை அறிய வேண்டும்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். நெசவு சீராகவும் அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். ஆடையை உட்புறமாகத் திருப்பித் தையலைப் பார்க்கவும். தையலுக்குள் போதிய துணி விடப்பட்டிருந்தால் பின்னாளில் அளவைக் கூட்டலாம். அக்குளிலும் இருக்கையிலும் இரட்டைத் தையல் இருப்பது நல்லது. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தால் சாயம் விடுமா என்பது தெரியும்.

கடலூர், சிதம்பரம் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர ஊர்களுக்குப் பருத்தியே ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும். கிழிந்தால் எளிதில் தைக்கலாம். பழசானால் துடைக்கும் துணியாகும். பாலியெஸ்டர் விரைவில் காயும், சுருங்காது, நெடுநாள் உழைக்கும். ஆனால் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத நெகிழி இழைகள் அதிலிருந்து நீரில் கலக்கின்றன. அடுப்பின் அருகே தீப்பற்றினால் உருகி உடலோடு ஒட்டும். ஆகவே சமையலறையில் பெண்கள் பருத்தி உடுத்துவதே பாதுகாப்பானது.

குழந்தைகளுக்கு அடிமடிப்பைக் கூடுதலாக விட்டுத் தைத்து, வளர வளர அவிழ்த்துவிடும் பழைய முறையை மீட்டெடுப்போம். மூத்த பிள்ளையின் நல்ல ஆடை இளைய பிள்ளைக்குப் பயன்படுவதில் எந்த இழிவும் இல்லை. அதைப் பெற்றோர் வெட்கத்தோடு கொடுத்தால் பிள்ளையும் வெட்கப்படும். மகிழ்ச்சியோடு கொடுத்தால் மகிழும்.

துவைத்தலில் நிதானம்

ஆடைகள் உடுத்துவதால் தேய்வதைவிடத் தவறாகத் துவைப்பதால் தேய்வதே அதிகம் எனலாம். ஆகவே பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்வோம்.

வியர்வை பட்ட ஆடையை உடனே துவைக்க இயலாவிடில், வெறும் நீரில் அலசியோ காற்றில் உலர்த்தியோ வைக்க வேண்டும். ஈரத்தோடு கூடையில் சுருட்டிப் போட்டால் கரும்புள்ளி பிடிக்கும். அப்புள்ளியைப் பின்னர் நீக்குவது கடினம். அதேபோல், ஒரு மணி நேரம் மட்டும் உடுத்திய புடவையையோ ஃபர்தாவையோ அழுக்கோ அசுத்தமோ படாதிருந்தால் ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதில்லை. நிழலில் காற்றாட விட்டாலே போதும்.

நிறத்துணிகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைக்கவும். புதிய அடர்நிறத் துணியை முதல் சில முறை தனியே துவைக்கவும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இன்றைய ஆலைச் சாயங்களுக்கு அது பயன் தருவதில்லை. சோப்புத் தூளை அளவுக்கு மீறிப் போட்டால் அழுக்கு கூடுதலாகப் போகாது. தூளே இழைகளில் தங்கித் துணியை மங்கச் செய்யும். உவர்நீரிலும் கடினநீரிலும் இது இன்னும் அதிகம். கடைசி அலசலுக்காவது நல்ல நீர் கிடைத்தால் நன்று. வெளுப்பான் திரவம் வெள்ளைப் பருத்திக்கு மட்டும், அதுவும் எப்போதாவது, நீர்த்துப் பயன்படுத்தத் தக்கது. அடிக்கடி பயன்படுத்தினால் நூல் இற்றுப்போகும்.

கறை பட்டவுடன் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில் மட்டுமே அலச வேண்டும். சுடுநீர் அதை இறுக்கிவிடும். எண்ணெய்க் கறை மீது மாவோ பவுடரோ தூவி, எண்ணெயை உறிஞ்சச் செய்து, பின் சோப்பிட வேண்டும். மஞ்சள் கறையைச் சோப்பிட்டு அலசி வெயிலில் உலர்த்தினால், ஒளி பட்டு அது மங்கும். அத்தரை ஆடை மீது பூசாமல் உடலில் பூசிக்கொண்டால் சட்டையில் எண்ணெய்ப் புள்ளி விழாது.

உலர்த்தலும் பாதுகாத்தலும்

வெள்ளையை வெயிலிலும் நிறத்தை நிழலிலும் உலர்த்துவது பழைய பாடம். இஸ்திரியிடும்போது பாலியெஸ்டருக்குக் குறைந்த சூடே போதும். கறுப்பு ஃபர்தாவை உட்புறமாகத் திருப்பித் தேய்த்தால் பளபளப்புத் தழும்பு விழாது. பருத்தியைச் சற்று ஈரத்தோடு தேய்த்தால் சூடும் நேரமும் மிச்சமாகும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் நம் வட்டார ஆடைகளுக்குச் சோதனைக் காலம். முழுமையாக உலராத ஆடையை ஒருபோதும் அலமாரியில் வைக்கலாகாது. அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கவும். வெயில் வரும் நாளில் கதவைத் திறந்து வைக்கவும். கஞ்சியிட்ட துணியை நெடுநாள் மடித்து வைத்தால் இராமபாணப் பூச்சி அரிக்கும். ஆகவே கஞ்சியை அலசிவிட்டே வைக்கவும். பட்டுப் புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் ஜரிகை ஒடியாது. நெகிழிப் பைக்குள் நெடுநாள் அடைத்து வைப்பது தவறு. உள்ளே ஈரம் தங்கும்.

அந்துருண்டை பற்றி ஓர் எச்சரிக்கை. நாஃப்தலீன் உருண்டையோடு வைத்த துணியைப் பச்சிளங்குழந்தைக்கு உடுத்தவோ போர்த்தவோ கூடாது. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு அதன் ஆவி பட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். உலர்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வைப்பது நலம்.

ஊசியும் நூலும்

ஒவ்வொரு வீட்டிலும் ஊசி, சில நிற நூல்கண்டுகள், பழைய சட்டைகளிலிருந்து எடுத்த பொத்தான்கள், சிறு கத்தரிக்கோல் ஆகியவை அடங்கிய ஒரு டப்பா இருக்கட்டும். பொத்தான் தைப்பது, பிரிந்த தையலைப் பின்தையலால் இணைப்பது, அடிமடிப்பு மடிப்பது, சிறு கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது ஆகிய நான்கையும் மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் கற்பிக்க வேண்டும். நபிவழியைப் பின்பற்றுவதாகச் சொல்லும் ஆண்மகன் ஊசி பிடிக்கக் கூச வேண்டியதில்லை.

கிழிசல் சிறிதாக இருக்கும்போதே தைப்பதும், துவைக்கப் போடுமுன் தைப்பதும் முக்கியம். துவைக்கும்போது ஒரு விரலளவுக் கிழிசல் ஒரு சாண் ஆகிவிடும். காலர் நைந்த சட்டையில் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் அது மேலும் பல மாதங்கள் உழைக்கும். முழுக்கைச் சட்டையின் கைமடிப்பு நைந்தால் அரைக்கையாக்கலாம். கைலி நடுவில் நைந்தால், மூட்டிய தையலைப் பிரித்து, நடுப்பகுதியை வெட்டி, நல்ல பகுதிகளை மீண்டும் மூட்டலாம். நம் தெருவிலுள்ள தையற்காரருக்கு இவ்வேலைகளைக் கொடுத்து, பேரம் பேசாது கூலி கொடுப்பது அவரது வாழ்வாதாரத்துக்கும் துணையாகும்.

கொடுக்கும்போதும் கண்ணியம்

மூன்றாம் குவியலை என்ன செய்வது? தர்மம் என்ற பெயரில் கழிவைக் கொடுப்பது தர்மமாகாது. தனக்கே கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டாத பொருளைப் பிறருக்குக் கொடுக்க நாடுவதைத் திருமறை (2:267) கண்டிக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், பாதிக்கப்பட்ட நம் கடற்கரை ஊர்களுக்கு நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்ட பழைய துணிகளில் ஒரு பகுதி, உடுத்தத் தகுதியின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. துயரத்தில் இருந்தவர்களுக்கு அது மேலும் ஓர் இழிவாயிற்று.

ஆகவே கொடுக்குமுன் துவைக்கவும், தைக்கவும், இஸ்திரியிடவும். யாருக்கு எந்த அளவு பொருந்தும் என அறிந்து கொடுக்கவும். உடுத்த இயலாத பருத்தியைத் துடைக்கும் துணியாக, தலையணை உறையாக, பையாக மாற்றவும். அதற்கும் மிஞ்சியது மட்டுமே கழிவு. அதை எரிக்கலாகாது. செயற்கை இழைத் துணி எரியும் புகை நஞ்சு கலந்தது.

பெருநாளும் திருமணமும்

பெருநாளுக்கு நல்லாடை உடுத்துவது விரும்பத்தக்கது. ஆனால் நல்லாடை என்பதற்குப் புத்தாடை என்று மட்டும் பொருளில்லை. உள்ளவற்றுள் சிறந்தது, தூயது என்பதே பொருள். திருமணங்களில் ஒரே நாளில் மூன்று உடைகள், உறவினர் அனைவருக்கும் ஒரே நிறத் துணி என்ற வழக்கங்கள் கடன்பட்டும் தொடர்கின்றன. ஒரு மாலைப் பொழுது உடுத்தி, பிறகு வாழ்நாள் முழுதும் பெட்டியில் கிடக்கும் ஆடைக்காக ஒரு தந்தை வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வரலாமா? மணமகளின் திருமண ஆடையைத் தங்கையோ உறவுப்பெண்ணோ தன் திருமணத்தில் உடுத்துவதைக் குறைவாக எண்ணாத மனப்பக்குவத்தை, வசதி படைத்த குடும்பங்களே முதலில் தொடங்கி வைக்க வேண்டும். இல்லாதோர் தொடங்கினால் வறுமை என்பார்கள். இருப்போர் தொடங்கினால் வழக்கமாகிவிடும்.

எல்லோரும் குறைவாக வாங்கினால் நெசவாளர் என்னாவார் என்று சிலர் கேட்கலாம். மூன்று மட்டமான கைலிகளுக்குச் செலவிடும் தொகையில் நெடுநாள் உழைக்கும் ஒரு கைத்தறிக் கைலியை வாங்கினால், குறிஞ்சிப்பாடி நெசவாளருக்கு நியாயமான கூலி சேரும். தைப்பவருக்கும் செப்பனிடுபவருக்கும் வேலை பெருகும். குறைவது ஆலைக் கழிவும் குப்பையுமே.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாம் சிக்கனமாக உடுத்துவதால் ஆலைகளின் பொறுப்போ, அவற்றைக் கண்காணிக்க வேண்டிய அரசின் பொறுப்போ நீங்கிவிடாது. தொட்டிகளை உறுதியாகக் கட்டுவதும், கழிவை முழுமையாகச் சுத்திகரிப்பதும், பாதிக்கப்பட்டோருக்கு நீதி வழங்குவதும் அவர்களுடைய கடமை. அதைக் கேட்கும் மக்களோடு நிற்பது நமது கடமை. பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கால் பழிதீர்ப்பதும் கூடாது என்பது நபிமொழி (இப்னுமாஜா) தரும் அடிப்படை விதி. அவ்விதி ஆலைக்கும் பொருந்தும், அலமாரிக்கும் பொருந்தும்.

சகோதர, சகோதரிகளே! நம்மிடம் உள்ள ஒவ்வோர் ஆடையும், உழவரின் வியர்வையும், நெசவாளரின் கையும், உப்பனாற்றங்கரை மக்களின் பொறுமையும் கலந்த அமானிதம். இந்த வாரமே ஒரு குவியலைப் பிரிப்போம். ஒரு பொத்தானைத் தைப்போம். தேவையற்ற ஒன்றை வாங்காமல் திரும்புவோம்.

அருட்கொடைகளை அளவோடு பயன்படுத்தி, நன்றி செலுத்தும் நல்லடியார்களாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.